எதிர்ச்சுவர்

தச்சர் மூன்றாவது முறையாக வந்து அந்தக் கதவைச் சீவிக்கொண்டிருந்தார். அளவைக் கொட்டகை என்பது பேருக்குத்தான், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை அது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கணினி, திறந்தவெளிச் சுரங்கத்தைப் பார்த்த பக்கம் கம்பியோ கண்ணாடியோ இல்லாத பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு முன்னால் தரைக்குள் ஆழப் புதைத்த சிமெண்ட் தூண், தூணின் தலையில் அளவுக்கருவி. இவ்வளவுதான் சொத்து. இதில் கதவு மட்டும் பதினைந்து நாளாக அடம் பிடித்தது. முதலில் மேல் மூலையில் லேசாக உரசியது. தச்சர் வந்து சீவிவிட்டுப் போனார். அடுத்த வாரம் கீழ் மூலையும் சேர்ந்துகொண்டது. இன்று காலை அளவெடுக்க அவள் வந்தபோது தோளால் முட்டித்தான் திறக்க முடிந்தது.

"மழை பேஞ்சா மரம் ஊதும், சரி. இந்த வெயில்ல எதுக்குக்கா ஊதுது?" என்றார் தச்சர். அவருக்கு அவளைவிட ஆறு வயது அதிகம். ஆனால் அளவைப் பிரிவில் இருக்கும் ஒரே பெண் என்பதால் சுரங்கத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். அது முகத்துக்கு நேரே. முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வேறு பெயர் இருந்தது, பூச்சாண்டி.

அந்தப் பெயர் வந்து எட்டு மாதம் ஆகிறது. சுரங்கக் குழியின் வடக்கு மூலையில் சுவர் அசைகிறது என்று அவள் சைரனை அழுத்தினாள். அழுத்தும் அதிகாரம் அவளுக்கு உண்டு. குழிக்குள் இருந்தவர்கள் எல்லோரும் மேலே ஓடி வந்தார்கள். மூன்று நாள் வேலை நின்றது. அறுநூறு பேர் மேலே உட்கார்ந்து சுவர் விழுவதற்காகக் காத்திருந்தார்கள். ஒரு கூடை மண்கூட விழவில்லை. அந்த மாத ஊக்கத்தொகை எல்லோருக்கும் போயிற்று. சுவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த வாடகை ரேடாரையும் நிர்வாகம் திருப்பி அனுப்பிவிட்டது. நாற்பது பேர் சம்பளத்தை வாடகையாகத் தின்றுகொண்டு பூச்சாண்டி காட்டுகிறது, போகட்டும் என்றார்கள். ரேடார் போய்விட்டது, பெயர் அவளிடம் தங்கிவிட்டது.

அவள் கணவர் அப்போதும் கீழேதான் இருந்தார், இப்போதும் கீழேதான். ஷவல் ஓட்டுநர். ஒரு வாய் அள்ளினால் ஒரு லாரி நிறையும் இயந்திரம் அது. சைரன் சமாசாரம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, அவர் சாப்பிட்டுக் கை கழுவினார். கேண்டீனில் அவரை என்ன சொல்லிக் கிண்டல் செய்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். கை துடைத்துக்கொண்டே, "அடுத்த தடவை அழுத்தறதுக்கு முன்னாடி இதை நெனச்சு பயந்துக்காதே" என்றார். "விழாம போனா என்ன, எல்லாரும் வீட்டுக்குத்தானே வந்தோம்." அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் வந்ததே இல்லை.

அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பழக்கம் உண்டு. கீழே அவருக்குச் சாப்பாட்டு நேரம் ஒரு மணி. அப்போது ஷவலின் வாளியைக் காலியாக மேலே தூக்கிக் காட்டுவார். ஒரு தடவை தூக்கினால் இன்னும் சாப்பிடவில்லை, இரண்டு தடவை தூக்கினால் சாப்பிட்டாகிவிட்டது. அறுநூறு டன் இயந்திரத்தை வைத்துக்கொண்டு பெண்டாட்டிக்குச் சாப்பாட்டுக் கணக்குச் சொல்லும் ஆள் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். மேலே அவள் கருவியின் கண் வழியாகப் பார்த்துவிட்டுத் தன் டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

குழியைப் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறாள். இன்னும் காலையில் வந்ததும் ஒரு நிமிடம் விளிம்பில் நின்று பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இருநூற்று நாற்பது மீட்டர் ஆழம், அகலம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுற்றிலும் படிப்படியாக வெட்டி இறக்கிய சுவர். அடியில் நடுவே ஊற்றுநீர் தேங்கிய ஒரு குட்டை. இரண்டு ஆள் உயரச் சக்கரம் கொண்ட டம்பர் லாரிகள் அடியில் தீப்பெட்டி அளவுக்கு ஊர்ந்துகொண்டிருக்கும். மனிதன் தோண்டியதுதான், ஆனால் மனிதன் தோண்டியது என்று மனதுக்கு ஏறாது. இவ்வளவு பெரிய பள்ளம் எதனால் அப்படியே நிற்கிறது, ஏன் நான்கு பக்கமும் சரிந்து மூடிக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கான பதில்தான் அவளுடைய சம்பளம். பதில் கொஞ்சம் தெரியும். முழுதாகத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதும் தெரியும்.

சுவரைச் சாய்வாக வெட்டினால் நிற்கும். ஆனால் சாய்வாக வெட்ட வெட்ட, தாதுவுக்கு மேலே கிடக்கும் வெறும் மண்ணையும் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அள்ளுவதற்கு டீசல் உண்டு, சம்பளம் உண்டு, டயர் தேய்மானம் உண்டு. அள்ளிய மண்ணைக் காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை. அதனால் சுவரை எவ்வளவு செங்குத்தாக நிறுத்த முடியுமோ அவ்வளவு லாபம். இப்போதைய மேனேஜர் வந்த வருடம் மேற்குச் சுவரை இரண்டே இரண்டு டிகிரி நிமிர்த்தினார். அந்த இரண்டு டிகிரியில் மிச்சமான பணத்தில் ஒரு புது ஷவல் வந்தது. அன்றிலிருந்து அவருக்கு 'ரெண்டு டிகிரி' என்றே பெயர். அவர் கெட்டவர் இல்லை. கணக்குத் தெரிந்தவர். கணக்கில் வராததை நம்புவது அவருக்குக் கஷ்டம், அவ்வளவுதான்.

இந்தப் பதினைந்து நாளில் அவள் கணக்கு அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. கொட்டகை இருப்பது மேற்கு விளிம்பில். நேர் எதிரே கிழக்குச் சுவர். அந்தச் சுவரில் மேலிருந்து கீழ்வரை முப்பத்திரண்டு சிறிய கண்ணாடிகள் பதித்திருந்தார்கள். கருவி இங்கிருந்து ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துத் தூரத்தைச் சொல்லும். சுவர் அசையாவிட்டால் தூரம் மாறாது. பதினைந்து நாளுக்கு முன்னால் தூரம் குறைய ஆரம்பித்தது. நாளுக்கு நான்கு மில்லிமீட்டர், பிறகு ஆறு, போன வாரம் பதினொன்று. கிழக்குச் சுவர் அவளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இந்த முறை அவள் அவசரப்படவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் அறிக்கை எழுதினாள். மேனேஜர் ஒரே மணி நேரத்தில் முடிவெடுத்தார். கிழக்கே தோண்டுவது நின்றது. நல்ல தாது அங்கேதான் இருந்தது, இருந்தும் நிறுத்தினார். ஷவலையும் டம்பர்களையும் மேற்குச் சுவரின் அடிக்கு மாற்றினார். கிழக்கு விளிம்பில் இருந்த சின்னக் கொட்டகையைப் பூட்டினார். சைரன் அடித்தால் கிழக்கைவிட்டு ஓடி மேற்குச் சுவர்ப் பாதையில் ஏறிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் இரண்டு முறை பயிற்சி கொடுத்தாயிற்று. கொடுத்தது அவள்தான்.

நேற்று மாலை மேனேஜர் போனில் கூப்பிட்டார். "ஹெட் ஆபீஸ்ல உங்க பேரைச் சொன்னேன் மேடம். இந்தத் தடவை நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. ஷவலை மட்டும் மாத்தாம விட்டிருந்தா நாம தலையில துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான்." போனை வைத்த பிறகும் அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு மனுஷியாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது.

இன்று காலை அளவு இருபது மில்லிமீட்டர். ஒரே நாளில் இருபது. இன்றோ நாளையோ கிழக்குச் சுவர் விழுந்துவிடும், அதைக் குழியே நின்று பார்க்கும், பூச்சாண்டி என்ற பெயரும் அதோடு மண்ணுக்குள் போகும். இப்படி நினைத்தபடிதான் அவள் தச்சருக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

தச்சர் சீவுளியைக் கீழே வைத்தார். மூலைமட்டத்தை எடுத்துக் கதவின் மூலையில் வைத்துப் பார்த்தார். பிறகு நிலையின் மூலையில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் கதவு, மறுபடியும் நிலை. "அக்கா, நான் இனிமே இதைத் தொட மாட்டேன். கதவு மேல ஒரு குத்தமும் இல்ல. மூலை மூலைக்குச் சரியா இருக்கு. வீடுதான் கோணுது."

அவள் கணினியைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றாள். பிறகுதான் காதில் விழுந்தது மண்டையில் ஏறியது. மேசை மேலிருந்த பென்சிலைப் பார்த்தாள். கொஞ்ச நாளாக அது உருண்டு விழுந்துகொண்டிருந்தது, அவள் அதை டம்ளரில் போட்டு வைக்கப் பழகியிருந்தாள். தினமும் காலையில் கருவியின் மட்டக்குமிழியைத் திருகித் திருகி நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்ததும் நினைவுக்கு வந்தது. திருகு தேய்ந்துபோய்விட்டது என்று புதியது கேட்டு எழுதிக்கூடப் போட்டிருந்தாள்.

அவள் பதினைந்து நாள் அளவுகளையும் திரையில் ஒன்றாக விரித்தாள். முப்பத்திரண்டு கோடுகள். ஒன்றின் மேல் ஒன்று கச்சிதமாகப் படிந்து ஒரே கோடாகத் தெரிந்தன. இந்தக் கச்சிதத்தைப் பார்த்துத்தான் அவள் மயங்கியிருந்தாள். வடக்கு மூலையில் அன்று ஒரு கண்ணாடி ஒன்று சொன்னது, இன்னொன்று வேறு சொன்னது. இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை, எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன என்று அறிக்கையில் அவளே எழுதியிருந்தாள். இப்போது கோடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். எந்தச் சுவரும் அப்படி விழாது. மேல்பக்கம் அதிகம் நகரும், கீழ்ப்பக்கம் குறைவாக நகரும், ஓரங்கள் நகரவே நகராது. முப்பத்திரண்டு கண்ணாடியும் ஒரே நாளில் ஒரே அளவு கிட்டே வருகின்றன என்றால், கண்ணாடிகள் வரவில்லை. இவள்தான் போய்க்கொண்டிருக்கிறாள்.

தூணைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று, ஆடாமல் அசையாமல் இருந்தது.

தூண் நகர்கிறதா என்று பார்க்கவும் ஒரு ஏற்பாடு இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு பாறைக்குன்று, அதன் மேல் இன்னொரு தூண். வாரத்துக்கு ஒரு முறை கருவியை அந்தப் பக்கம் திருப்பி அந்தத் தூணைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். எப்போதாவது கருவியையே அங்கே கொண்டுபோய் வைத்துக் கண்ணாடிகளையும் அளந்து பார்ப்பது உண்டு. ஆறு மாதமாக யாரும் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. தூரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்ட டீசல் அதிகம் ஆகிறது என்று குழியிலிருந்து வரும் வெறும் மண்ணைக் கொட்டகைக்குப் பின்னாலேயே கொட்டச் சொல்லிவிட்டார்கள். மேடு வளர்ந்து வளர்ந்து குன்றை மறைத்துவிட்டது. தூணுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று அவள் பதிவேட்டில் எழுதினாள். அடுத்த வாரமும் எழுதினாள். பிறகு எழுதுவதை விட்டுவிட்டாள்.

"வாங்க என்கூட" என்று தச்சரிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகப் பத்து நிமிடம் பிடித்தது. மேட்டுக்கும் பாறைக்குன்றுக்கும் நடுவே முட்செடி மண்டிய தரை. அந்தத் தரையில் ஒரு விரிசல் இருந்தது. ஒரு சாண் அகலம். தச்சர் தன் அளவுநாடாவை எடுத்து உள்ளே விட்டார். மூன்று மீட்டர் போயிற்று, ஐந்து மீட்டர் போயிற்று, நாடா தீர்ந்தது. அடி தட்டவில்லை. விரிசல் இடதுபக்கம் நூற்றுக்கணக்கான அடி போய் வளைந்து குழியின் விளிம்பை நோக்கித் திரும்பியது. வலதுபக்கமும் அப்படியே. வில்லை வளைத்து வைத்த மாதிரி ஒரு கோடு. அந்த வில்லுக்குள்ளே மண்மேடு முழுவதும் இருந்தது, கொட்டகை இருந்தது, தூண் இருந்தது, டம்பர்கள் ஏறி இறங்கும் பாதை இருந்தது, இருநூற்று நாற்பது மீட்டர் சுவர் இருந்தது. ஒரு மலை. அது புறப்பட்டுவிட்டது.

அவள் ஒரு காலைக் குன்றின் பக்கமும் ஒரு காலை மேட்டின் பக்கமும் வைத்து நின்றாள். பயம் வரவில்லை. அது பிறகு வந்தது. முதலில் வந்தது, கைகூப்பத் தோன்றும் ஒரு திகைப்பு. கால் ஒன்று இருக்கும் பூமியில் இருந்தது, இன்னொன்று போகும் பூமியில். நடுவில் ஒரு சத்தமில்லை. செடிகூட ஆடவில்லை. பூனை நடந்தால்கூட இதைவிட அதிகம் தெரியும். பதினைந்து நாளாக இதன் முதுகில் உட்கார்ந்துகொண்டு, டீ குடித்துக்கொண்டு, எதிரே பத்திரமாக நிற்கும் சுவரைக் கைகாட்டிக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இது எப்பக்கா விழும்?" தச்சரின் குரல் இறங்கியிருந்தது.

பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் மற்றது உறைத்தது. ஷவல் இப்போது எங்கே இருக்கிறது? இந்தச் சுவரின் அடியில். அங்கே கொண்டுபோய் வைக்கச் சொன்னது யார்?

ஓடினாள். தச்சரும் கூட ஓடிவந்தார். கொட்டகைக்குள் நுழைந்து சைரன் பொத்தான் மேல் கையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சைரன் அடித்தால் கீழே உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? அவள் சொல்லிக்கொடுத்ததைச் செய்வார்கள். கிழக்கைவிட்டு மேற்கே ஓடி வருவார்கள். இந்த ஷிப்டில் கீழே இருக்கும் இருபத்தாறு பேரும் வரிசையாக இந்தச் சுவர்ப் பாதையில் ஏறுவார்கள். பயிற்சியில் எல்லோரும் நான்கே நிமிடத்தில் பாதையின் அடிக்கு வந்து சேர்ந்ததற்கு அவள் கைதட்டியிருக்கிறாள்.

கையை எடுத்துவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தாள். "எல்லாரும் கேளுங்க. அளவைலேர்ந்து பேசுறேன். வேலைய நிறுத்துங்க. யாரும் பாதையில ஏறாதீங்க. பாதையில இருக்கிற வண்டி, மேல் பாதியில இருந்தா மேல வந்துடுங்க, கீழ் பாதியில இருந்தா திரும்பிடுங்க. கீழ இருக்கிற எல்லாரும் கிழக்கே போங்க. குட்டையைத் தாண்டிப் போங்க. கிழக்குச் சுவர்ல பழைய நடைபாதை இருக்கு, அதுல ஏறி வெளிய வந்துடுங்க."

வாக்கியில் இரைச்சல் வந்தது. பிறகு ஒரு டம்பர் ஓட்டுநர், "அக்கா, கிழக்குச் சுவர்தானே விழப்போகுது?" என்றார்.

"இல்ல. அது நல்லா இருக்கு. நான்தான் தப்பா சொல்லிட்டேன். விழப்போறது மேற்குச் சுவரு. உங்க தலைக்கு மேல இருக்கிறது."

யாரோ பொத்தானை விட மறந்துவிட்டு, "பூச்சாண்டி இப்ப அந்தப் பக்கம் போயிடுச்சா?" என்றது எல்லோர் கருவியிலும் தெளிவாகக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். தீப்பெட்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பன்னிரண்டு நாளாக எந்தச் சுவர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்று சொன்னாளோ, அதே சுவருக்கு அடியில் போய் நில்லுங்கள் என்று இன்று சொல்கிறாள். அவளே கீழே இருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

அப்போது அவள் கணவர் குரல் வந்தது. "எந்தப் பக்கம்னு சொன்னே?"

"கிழக்கே. குட்டையைத் தாண்டி."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. ஷவல் வாளியைத் தாழ்த்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பியது. குழியிலேயே பெரிய இயந்திரம் அது, அது திரும்பியதை எல்லோரும் பார்த்தார்கள். கிழக்கைப் பார்த்து அது ஊர ஆரம்பித்ததும் முதல் டம்பர் திரும்பியது. பிறகு இரண்டாவது. பிறகு எல்லாம். இந்த மனிதருக்கு இருபது வருடமாக ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னோமா என்று ஏதோ சம்பந்தமில்லாமல் நினைத்தாள்.

"அக்கா, கொட்டகைய விட்டு வெளிய வாங்க" என்றார் தச்சர். அவர் ஏற்கெனவே தன் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அவள் கருவியைத் தூணிலிருந்து கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இருவரும் மேட்டைச் சுற்றிப் போய், விரிசலைத் தாண்டிப் பாறைக்குன்றில் ஏறினார்கள். விரிசல் இப்போது இரண்டு முழம். தாண்டுவதற்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

வாக்கியில் எல்லாவற்றையும் கேட்டிருந்த மேனேஜர் ஜீப்பைக் குன்றின் அடியில் விட்டுவிட்டு நடந்து வந்தார், அவள் இறங்கி விரிசலின் ஓரத்துக்குப் போனாள். வரும்போது முகத்தில் கோபம் இருந்தது, கேட்பதற்கு நாலு கேள்வி இருந்தது. விரிசலைப் பார்த்ததும் எல்லாம் வடிந்துபோயிற்று. அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது.

"பாதை போயிடும்" என்றார்.

"போயிடும் சார்."

"பாதை போனா ஒரு வருஷம் குழி மூடியிருக்கும். அதுவரைக்கும் தாங்குவோமான்னு தெரியல." அவர் மண்மேட்டின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். "இதை இங்க கொட்டச் சொன்னது நான்தான்."

"இதுக்கு அடியில ஷவலைப் போடச் சொன்னது நான் சார்."

அவர் எழுந்தார். குன்றின் தெற்கு ஓரத்துக்குப் போனால் மேட்டைத் தாண்டிக் குழியின் அடி கொஞ்சம் தெரிந்தது. அங்கே போய் நின்றார்கள். டம்பர்கள் குட்டையைக் கடந்து நின்றுவிட்டன. ஆட்கள் இறங்கிக் கிழக்குச் சுவரின் பழைய நடைபாதையில் எறும்பு போல ஏறிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஷவல் மட்டும் தனியாக. மனிதன் நடப்பதில் பாதி வேகம்தான் அதற்கு. அள்ளத் தெரிந்த இயந்திரம், ஓடத் தெரியாது.

"போட்டுட்டு வரச் சொல்லுங்க மேடம்" என்று மேனேஜர் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. அந்த ஷவல் பிழைத்தால் குழி என்றாவது மறுபடி திறக்கும், அது புதைந்தால் திறக்காது. அறுநூறு வீடு அந்த இயந்திரத்தின் மேல் நிற்கிறது. இதெல்லாம் அவர் முகத்தில் ஓடியது. கடைசியில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "உங்க இஷ்டம். என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றார்.

அவள் வாக்கியை வாயருகே கொண்டுபோனாள். "ஏங்க. போட்டுட்டு இறங்கி ஓடுங்க."

"குட்டையைத் தாண்டினா போதும்னு நீதானே சொன்னே."

"சொன்னேன். அது ஒரு கணக்குதான். மண்ணு எவ்வளவு தூரம் ஓடும்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. என் கணக்கு எப்படின்னு பார்த்தீங்கள்ல? பதினஞ்சு நாளா தப்பு."

"இன்னும் நூறு அடிதான்" என்றார். கொஞ்சம் கழித்து, "இன்னைக்கு டிபன்ல என்ன வச்சிருக்கே? இன்னும் தொறக்கல" என்றார். அவள் கண் ஷவலிலேயே இருந்தது.

முதலில் மண்மேட்டின் உச்சி இறங்கியது. உட்காருகிற மாதிரி, அவசரமில்லாமல். சத்தம் இன்னும் வரவில்லை. விரிசலின் அந்தப் பக்கத்துத் தரை அவர்கள் கண் முன்னே ஓர் ஆள் உயரம் தாழ்ந்தது, பிறகு ஒரு வீட்டு உயரம். முட்செடிகள் நின்றபடியே போயின. மேடு தணியத் தணிய அதற்கு அந்தப் பக்கம் இருந்த கொட்டகை கண்ணில் பட்டது. குலுங்காமல், தகரக் கூரையோடு, நிமிர்ந்து நின்ற நிலையிலேயே குழியைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. வழியில் எங்கோ அதன் கதவு தானாக மூடிக்கொண்டது.

"பாருங்கக்கா, மூடிக்கிச்சு" என்றார் தச்சர்.

அப்புறம்தான் சத்தம் வந்தது. காதால் கேட்டதைவிடக் காலால் கேட்டதுதான் அதிகம். குன்றின் பாறை உள்ளுக்குள் நடுங்கியது. சுவர் முழுவதும், படிகளும் பாதையும் மேடும் கொட்டகையும் ஒன்றாக, மடிந்து கீழே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவுதான் என்று நினைத்தபோதெல்லாம் இன்னும் இருந்தது. மேனேஜர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். எதற்காகக் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பிறகு குழியிலிருந்து தூசி எழும்பி வந்து, வெயிலை மறைத்து, எல்லோரையும் மூடியது.

தூசிக்குள் வாக்கியில் இரைச்சல் மட்டும். அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். கிழக்கு விளிம்பில் ஏறிவிட்டவர்களில் ஒருவர் குரல் விட்டுவிட்டு வந்தது. ஏறியவர்கள் இருபத்தைந்து பேரும் இருக்கிறோம், கீழே ஒன்றும் தெரியவில்லை என்றது. இருபத்தைந்து. அந்த எண்ணை அவள் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

சும்மா நிற்க முடியவில்லை. குன்றின் மேல் இருந்த பழைய தூணைத் தேடிப் போனாள். ஆறு மாதமாக யாரும் தொடாமல் தலையில் பறவை எச்சத்தோடு நின்றது. முந்தானையால் துடைத்துவிட்டுக் கருவியை அதில் பொருத்தினாள். மட்டக்குமிழியைத் திருகினாள். ஒரே திருகில் நடுவில் வந்து நின்றது. கருவியின் கண்ணில் கண்ணை வைத்தாள். மேடு இருந்த இடத்தில் இப்போது ஆகாயம் இருந்தது. தூசி மேலே முதலில் விலகியது. விலகிய இடத்தில் கிழக்குச் சுவரின் உச்சியும் அதில் முதல் கண்ணாடியும் தெரிந்தன. பொத்தானை அழுத்தினாள். இந்தத் தூணிலிருந்து அந்தக் கண்ணாடிக்குக் கடைசியாக எடுத்த அளவு ஆறு மாதப் பழசு, அது அவளுக்கு மனப்பாடம். திரையில் அதே எண் வந்தது. ஒரு மில்லிமீட்டர் கூடவில்லை, குறையவில்லை. இரண்டாவது கண்ணாடி, அதே எண். மூன்றாவது, அதே. அந்தச் சுவர் ஒரு நாளும் எங்கும் போகவில்லை. அவள் சொன்ன பழியைச் சுமந்துகொண்டு நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. அவளுக்கு அதைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

தூசி விலக விலக ஒவ்வொரு கண்ணாடியாகக் கீழே இறங்கினாள். பதினாறு. இருபது. இருபத்தேழு. அதற்குக் கீழே பழுப்பாக ஒன்றும் தெரியவில்லை. குட்டை எங்கே முடிகிறது, புது மண் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. தச்சர் பக்கத்தில் வந்து நின்றார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்த்ததற்காக வெட்கப்பட்டவர் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மணி ஒன்று.

பழுப்புக்குள் ஏதோ அசைந்தது. அவள் திருகைத் தொட்டுத் தெளிவாக்கினாள். முதலில் இரும்புப் பற்கள் ஐந்து தெரிந்தன, பிறகு மண் வழியும் வாளியின் வாய், பிறகு கழுத்தளவு தூசியிலிருந்து நிமிரும் நீண்ட கை. வாளி மெதுவாக மேலே போய், உச்சியில் ஒரு முறை நின்று, இறங்கியது.

கண்ணை எடுக்காமல் இரண்டாவது தடவைக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. இன்னும் சாப்பிடவில்லை.